செட்சுபுன் விழா: மூன்று வயதுப் பிள்ளைகள் முன் ஓனி வேடம் போடலாமா?

கேள்வி (சைதாமா ஆசிரியர்):
வணக்கம். ஜப்பானில் ஒரு மழலையர் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். பிப்ரவரி 3ஆம் தேதி செட்சுபுன். பிள்ளைகள் வறுத்த சோயாவை வீசி, ஓனி என்னும் அரக்கனை விரட்டும் நாள். இந்த ஆண்டு என்னை ஓனியாக வரச் சொல்லியிருக்கிறார் தலைமை ஆசிரியை. என் வகுப்பில் எல்லாருக்கும் மூன்று வயது. மறுநாள் என்னைக் கண்டாலே அழுவார்களோ என்று கவலையாக இருக்கிறது. மறுத்தால் மரியாதைக் குறைவாகுமா?

பதில் (நாகோயா அக்கா):
தம்பி, ஒரேயடியாக மறுக்க வேண்டாம். ஐந்து வயது வகுப்புக்கு ஓனியாக வருகிறேன், என் வகுப்பில் மட்டும் பிள்ளைகளோடு நின்று வீசுகிறேன் என்று கேளுங்கள். இளம் ஆண் ஆசிரியருக்கு இந்த வேடம் போவது இங்கே வழக்கம்தான். உங்களைக் கேட்டதில் கெட்ட எண்ணம் இருக்காது. ஆனால் பள்ளியில் நிறத்தால் தனித்துத் தெரிபவர் நீங்கள் ஒருவர்தான் என்றால், "வெளியே போ" என்று பிள்ளைகள் விரட்டும் ஆளாக நீங்கள் நிற்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

எங்கள் பள்ளியில் ஜனவரியிலேயே முகமூடி செய்யத் தொடங்கிவிடுவோம். காகிதத் தட்டு, சிவப்புச் சாயம், கம்பளி நூலில் சுருட்டை முடி, மஞ்சள் அட்டையில் இரண்டு கொம்பு. பிறகு ஒவ்வொருவரும் தம் மனதிலிருந்து எந்த ஓனியை விரட்டப் போகிறார்கள் என்று சொல்ல வேண்டும். அழுமூஞ்சி ஓனி, கோப ஓனி, காய்கறி தின்னாத ஓனி எல்லாம் வரும். சென்ற ஆண்டு ஒரு சிறுமி, "தம்பியைக் கிள்ளுகிற ஓனி" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். தானே செய்த முகமூடியைக் கண்டு பிள்ளை அவ்வளவாகப் பயப்படுவதில்லை.

பதில் (இரண்டு பிள்ளைகளின் தாய், தோக்கியோ):
வேடத்தைவிட எனக்குச் சோயாதான் கவலை. 2020 பிப்ரவரியில் மாட்சுவே நகரின் ஒரு பள்ளியில், இதே விழாவின்போது நான்கு வயதுச் சிறுவன் தொண்டையில் சோயா சிக்கி இறந்துபோனான். ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கெட்டியான பருப்பு, கொட்டை வகைகளைத் தரவே வேண்டாம் என்கிறது இந்நாட்டு நுகர்வோர் முகமை. வயதுக்கேற்ற எண்ணிக்கையில் சோயா தின்னும் வழக்கமெல்லாம் பெரியவர்களோடு நிற்கட்டும். பழைய செய்தித்தாளைக் கசக்கி உருண்டை பிடித்துக் கொடுங்கள். வீசுவதற்கும் அதுதான் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. செய்தித்தாள் உருண்டையை நாளையே சொல்லிவிடுகிறேன். அக்கா, "ஓனி வா சோத்தோ", அதாவது "ஓனியே வெளியே போ" என்று கத்தாமல் விழா நடத்த முடியுமா?

பதில் (நாகோயா அக்கா):
தாராளமாக. நாரிதாசான் ஷின்ஷோஜி கோயிலில் "ஃபுகு வா உச்சி" மட்டும்தான். நல்லது உள்ளே வரட்டும் என்பதோடு சரி. அங்குள்ள ஃபுடோ மியோ என்னும் தெய்வத்தின் கருணையில் ஓனியும் திருந்திவிடும் என்பது நம்பிக்கை. அவ்வளவு பெரிய கோயிலின் வழக்கத்தைச் சொன்னால் தலைமை ஆசிரியையும் காது கொடுப்பார். ஓனி வந்தே ஆக வேண்டும் என்றால், முகமூடியைப் பிள்ளைகள் கண் முன்னாலேயே மாட்டி, முடிந்ததும் அவர்கள் முன்னாலேயே கழற்றச் சொல்லுங்கள்.

இன்னொன்று, தேதியைப் பள்ளி நாட்காட்டியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வசந்தத் தொடக்கத்துக்கு முந்தைய நாள் என்பதுதான் கணக்கு. 2021லும் 2025லும் அது 2ஆம் தேதியே வந்துவிட்டது.