கயலோட காந்தம்: வீட்டு குரூப்ல நடந்த பேச்சு

முருகன் மாமா: கயலு நீ என்னமோ காந்தம் செஞ்சு குவாண்டம் கம்ப்யூட்டர் பண்றதா உங்கம்மா சொல்லுது. ஸ்பீக்கர்ல இருக்குமே அந்த காந்தமா

கயல்: இல்ல மாமா 😂 இது ஒத்த மூலக்கூறு. மான்செஸ்டர்ல ஒரு வளையம் பண்ணிருக்காங்க, 7 குரோமியம் 1 நிக்கல். எட்டுக்கும் காந்த குணம் உண்டு ஆனா பக்கத்து பக்கத்துல இருக்கறது எதிரெதிரா திரும்பி கழிஞ்சிரும், நிக்கல் கொஞ்சம் வீக்கு, அதனால முழுசா கழியாம ஒரு எலக்ட்ரான் அளவு மிச்சம் நிக்கும். அந்த மிச்சம்தான் க்யூபிட்டு, அதாவது குவாண்டம் கம்ப்யூட்டரோட பிட்டு, மேல பாத்தா 0 கீழ பாத்தா 1, ரெண்டும் கலந்தும் இருக்கும்

முருகன் மாமா: எட்டும் குரோமியமா போட்டா?

கயல்: சுத்தமா பூஜ்யம் மாமா. அதான் ஒண்ண மட்டும் மாத்துறது

தினேஷ்: அக்கா கூகுள் ஐபிஎம்லாம் சூப்பர்கண்டக்டர் (மின்தடையே இல்லாத) சர்க்யூட்ல ஓட்டிட்டு இருக்காங்க, இது எதுக்கு

கயல்: ரெண்டு சர்க்யூட் அச்சு அசலா ஒரே மாதிரி வராதுடா, ஒவ்வொண்ணா ட்யூன் பண்ணணும். மூலக்கூறு ஒரு தடவ ஃபிளாஸ்க்ல வந்துட்டா கோடிகோடியா எல்லாம் ஒண்ணு போல இருக்கும். பிடிக்காத அணுவ எடுத்துட்டு வேற போடலாம், ரெண்டு வளையத்த ஒண்ணா கோக்கலாம்

வசந்தி அத்தை: அப்ப பிரச்சன என்னடி

கயல்: ஹைட்ரஜன் அத்தை. வளையத்த சுத்தி பூரா அதான், அதோட அணுக்கருவே குட்டி காந்தம், அது ஆட ஆட க்யூபிட் தன் நிலைய மறந்துரும்

வசந்தி அத்தை: நாம போன் பேசுறப்ப பக்கத்து வீட்டு டிவி அலறுமே

கயல்: அதே அதே! 2007ல ஹைட்ரஜனுக்கு பதிலா டியூட்டீரியம்னு கனமான ஹைட்ரஜன் போட்டு பாத்தாங்க, அதோட காந்தம் ரொம்ப கம்மி. க்யூபிட் நிலை 3 மைக்ரோ செகண்ட் நின்னுச்சு

தினேஷ்: 3 மைக்ரோவா 😭

கயல்: சிரிக்காத. க்யூபிட்ட திருப்புற ஒரு மைக்ரோவேவ் பல்ஸ் நானோ செகண்ட் கணக்குல முடிஞ்சிரும், அதுக்கு இது தாராளம். 2015ல அமெரிக்கால நார்த்வெஸ்டர்ன்ல டானா ஃப்ரீட்மேன் குரூப் அந்த டிவியவே, அதான் ஹைட்ரஜனையே தூக்கிட்டாங்க, நடுவுல வனேடியம், சுத்தி கார்பனும் கந்தகமும் மட்டும், கரைப்பான் கூட ஹைட்ரஜன் இல்லாத கார்பன் டைசல்ஃபைடு. 0.7 மில்லி செகண்ட்!!

முருகன் மாமா: சூப்பர். கடைக்கு எப்ப வரும்

கயல்: மாமா அது மைனஸ் 263 டிகிரில வந்த நம்பர் 🙈 அதுவும் நிறைய மூலக்கூற கூட்டமா வச்சு அளந்தது. ஒத்த மூலக்கூற தனியா பிடிச்சு எழுதி படிக்கிறது பெரும்பாடு, ஒரு சில லேப்லதான் முடிஞ்சிருக்கு

வசந்தி அத்தை: கந்தகம்னா நாறுமேடி

கயல்: அந்த கரைப்பான் நாறும் அத்தை, பொசுக்குனு தீயும் பிடிக்கும். ஃப்யூம் ஹூட்குள்ள (ஆவிய வெளிய இழுக்குற பெட்டி) வச்சுதான் பாட்டிலையே திறப்போம்