பகலில் பத்து நிமிடத் தனிமைக்கு வழி தேடுகிறேன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உம்லாங்கா பகுதியிலுள்ள ஓர் அழைப்பு மையத்தில் 8 மாதங்களாகப் பணிபுரிகிறேன், வீடு சாட்ஸ்வொர்த்தில். இயல்பிலேயே அதிகம் பேசாத எனக்கு, காலை 8 முதல் மாலை 5 வரை ஓயாமல் பேசும் வேலையில், நண்பகலுக்குள் தலை கனத்துச் சொற்கள் தடுமாறத் தொடங்கிவிடுகின்றன. வீடு திரும்பியபின் அம்மாவிடம்கூடப் பேசத் தெம்பிருப்பதில்லை.

இந்நாட்டின் 1997ஆம் ஆண்டுப் பணிநிலைச் சட்டப்படி, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் உழைத்தால் ஒரு மணி நேர உணவு இடைவேளை உண்டு. எழுத்துமூல உடன்பாட்டால் அதை 30 நிமிடமாகக் குறைக்கலாம் என்பதால், எனக்குக் கிடைப்பது அந்த அரை மணிதான். அதுவும் உணவறைப் பேச்சில் கரைந்துவிடுகிறது (பிரியாணியில் உருளைக்கிழங்கு வேண்டுமா என்னும் விவாதம் இன்னும் முடியவில்லை).

காருக்குள் அமர்ந்து பார்த்தேன். ஜனவரிக் கோடை வெயிலில் ஐந்து நிமிடம் தாங்கவில்லை. காதடைப்பான் அணிந்தால் தோளைத் தட்டிப் பேசுகிறார்கள். கழிப்பறையில் ஒதுங்குவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. மேலாளரிடம் இரண்டு சிறு இடைவேளைகள் கேட்டபோது, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தாரே தவிர, முடிவு சொல்லவில்லை.

இத்தகைய வேலையில் இருப்பவர்கள், உடன் பணிபுரிவோர் மனம் நோகாமல், உணவு இடைவேளையில் பத்து நிமிடமாவது தனித்திருக்க என்ன சொல்லி விலகுகிறீர்கள்?