முதல் துப்பாக்கி: ஸ்பிரிங் ரைஃபிளா, பழைய மேட்ச் ரைஃபிளா, நேரே .22-வா?

கறுப்புவட்டம்:
வணக்கம். கொஞ்ச காலமாக ரேஞ்சில் கிளப் ரைஃபிளை வைத்து 10 மீட்டரில் சுட்டுக்கொண்டிருக்கிறேன். பொழுதுபோக்குதான், போட்டிக்குப் போகும் எண்ணமெல்லாம் இப்போதைக்கு இல்லை. ஆனால் நன்றாகப் பிடித்துவிட்டது, அதனால் சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று பார்க்கிறேன். கிளப் ரைஃபிளை எனக்கு முன்னால் எடுப்பவர் என்னைவிட ரொம்ப உயரம், அவர் வைத்திருக்கும் அளவை எனக்கேற்றபடி மாற்றிவிட்டுச் சுட ஆரம்பிப்பதற்குள் பாதி நேரம் போய்விடுகிறது.

மனதில் இருப்பவை மூன்று. ஒன்று, ஸ்கோப்போடு வரும் புது ஸ்பிரிங் ஏர் ரைஃபிள், வினாடிக்கு 300 மீட்டருக்கு மேல் வேகம் என்று பெட்டியிலேயே பெரிதாகப் போட்டிருக்கிறான். இரண்டு, யாராவது பயன்படுத்திய மேட்ச் ரைஃபிள், அதாவது போட்டிக்கென்றே செய்த ஏர் ரைஃபிள். மூன்று, இதெல்லாம் வேண்டாம் என்று வெடிமருந்துத் தோட்டா போடும் .22 ரைஃபிளுக்கு நேரே போய்விடுவது. காகிதத்தில் வட்டத்தைத் தவிர வேறு எதையும் சுடப்போவதில்லை. எது சரி? அப்புறம் இன்னொன்று, நான் வலது கைக்காரன், ஆனால் இடது கண்தான் மேலோங்கிய கண் என்று ரேஞ்சில் சொன்னார்கள். அதனால் ஏதாவது சிக்கலா?

டயாப்டர்தாசன்:
முதலில் அந்த 300 மீட்டரை மறந்துவிடுங்கள். அது எடை குறைந்த அலாய் பெல்லட்டைப் (ஏர் ரைஃபிளின் சின்னக் குண்டு) போட்டுப் பார்த்த கணக்கு. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது பெல்லட் தள்ளாட ஆரம்பிக்கும், குரூப், அதாவது அட்டையில் விழும் ஓட்டைகளின் கூட்டம், விரிந்துவிடும். ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கும் ரைஃபிளில் பெல்லட் வினாடிக்கு சுமார் 170 மீட்டர் வேகத்தில்தான் போகிறது, அதாவது உங்கள் பெட்டியில் போட்டிருப்பதில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். 10 மீட்டருக்கு அது தாராளம். காகிதத்தில் ஓட்டை போட வேகம் எதற்கு?

10 மீட்டர் ரைஃபிள் அட்டையில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. பெல்லட்டின் குறுக்களவோ 4.5 மில்லிமீட்டர். ஓரம் தொட்டாலே பத்துதான் என்றாலும், பெல்லட்டின் நடு அந்தப் புள்ளியின் நடுவிலிருந்து இரண்டரை மில்லிமீட்டருக்குள் விழுந்தாக வேண்டும். அந்தக் கணக்கில் உங்களுக்கு உதவப்போவது மூன்று விஷயம்: ட்ரிகர், ஸ்டாக் (தோளிலும் கன்னத்திலும் வைக்கும் கட்டை) உங்கள் உடம்புக்கு உட்காருவது, பெல்லட் குழலை விட்டுப் போகும்வரை துப்பாக்கி அசையாமல் இருப்பது. மூன்றிலுமே விலை குறைந்த ஸ்பிரிங் ரைஃபிள் தோற்றுப்போகும்.

ஸ்பிரிங் ரைஃபிளில் ட்ரிகரை இழுத்ததும் உள்ளே கனமான பிஸ்டன் முன்னால் பாய்கிறது, துப்பாக்கி பின்னால் உதைக்கிறது, பிஸ்டன் போய் முட்டியதும் திரும்ப முன்னால் உதைக்கிறது. பெல்லட் இன்னும் குழலுக்குள் இருக்கும்போதே இந்தக் கூத்து தொடங்கிவிடுகிறது. அதனால் நீங்கள் எப்படிப் பிடித்தீர்கள் என்பதைப் பொறுத்து குண்டு போகிற இடம் மாறும். இன்றைக்குக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால் ஒரு குரூப், நாளைக்குத் தளர்த்திப் பிடித்தால் வேறொரு இடத்தில் வேறொரு குரூப். கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிடக் குழப்பம் வேண்டாம், ஏனென்றால் ஏழு விழுந்தால் அது தன் தப்பா துப்பாக்கியின் தப்பா என்று தெரியவே தெரியாது.

கூடவே வரும் ஸ்கோப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த இரட்டை உதைக்குச் சாதாரண ஸ்கோப் தாங்காது, உள்ளே குறுக்குக்கோடு கழன்றுவிடும். தாங்கினாலும், பெரும்பாலான ஸ்கோப்புகளின் ஃபோகஸ் தூரத்துக்கு வைத்தது, 10 மீட்டரில் அட்டை மங்கலாகத்தான் தெரியும், கண் கொஞ்சம் நகர்ந்தால் குறியும் நகரும். கிளப்பில் டயாப்டரில் (சின்ன ஓட்டை வழியாகக் குறி பார்க்கும் அமைப்பு) பழகிவிட்ட நீங்கள் ஏன் அங்கே போக வேண்டும்?

என் ஓட்டு: பயன்படுத்திய மேட்ச் ரைஃபிள். ஆனால் அவசரப்பட வேண்டாம்.

ஸ்பிரிங்பித்தன்:
தாசன் சார் எப்போதும் ஸ்பிரிங்கைத் திட்டுவார், பழகிவிட்டது :) நானும் கொஞ்சம் சொல்கிறேன்.

ஸ்பிரிங் ரைஃபிளை இறுக்கக் கூடாது. முன்னால் இருக்கும் கையின் உள்ளங்கையில் சும்மா ஏந்தி, தோளில் லேசாகச் சாய்த்து, அது எப்படி உதைக்க விரும்புகிறதோ அப்படியே ஒவ்வொரு முறையும் உதைக்க விட வேண்டும். கை எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தை ஒரு விரல் அகலம்கூட மாற்றக் கூடாது. இதைப் பழகிவிட்டால் சுட்ட பிறகும் குறியை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கம் தானாக வந்துவிடும், மேட்ச் ரைஃபிளில் சோம்பேறித்தனமாகத் தலையைத் தூக்கிவிடுகிற ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காற்றடைக்கச் சிலிண்டர் வேண்டாம், பம்ப் வேண்டாம், குழலை மடக்கினால் சுடலாம்.

ஆனால் ஒன்று, கறுப்புவட்டத்துக்கு 10 மீட்டர் வட்டம் மட்டும்தான் என்றால் நானும் மேட்ச் ரைஃபிள் பக்கம்தான். ஸ்பிரிங்கின் ருசி 25, 30 மீட்டரில் உலோகத் தகடு டங்கென்று விழும்போதுதான். வெற்றுச் சுடல் பழகுகிறவராக இருந்தால் ஸ்பிரிங்கில் அதைச் செய்யவே கூடாது, பெல்லட் இல்லாமல் விட்டால் பிஸ்டன் நேராகப் போய் மோதி ஸ்பிரிங்கும் சீலும் கெடும். மேட்ச் ரைஃபிள்களில் அதற்கென்றே தனியாக ஒரு நிலை இருக்கும், வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டே ட்ரிகர் பழகலாம்.

கறுப்புவட்டம்:
இருவருக்கும் நன்றி. வேகம் பற்றிச் சொன்னது கண்ணைத் திறந்துவிட்டது. .22 பற்றி யாரும் சொல்லவில்லையே? கண் விஷயமும் அப்படியே நிற்கிறது.

ஐந்துநூறுகிராம்:
கண் விஷயத்துக்கு நான் வருகிறேன், நான் பிஸ்டல் ஆள்.

முதலில் நீங்களே உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டு கையையும் நீட்டி விரல்களுக்கு நடுவே சின்ன முக்கோணம் வைத்து, தூரத்தில் ஒரு பொருளை இரண்டு கண்ணாலும் அதற்குள் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் மட்டும் திறந்திருக்கும்போது பொருள் முக்கோணத்துக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான் மேலோங்கிய கண். சிலருக்கு இது அரைகுறையாகத்தான் இருக்கும், அப்படியென்றால் கவலையே வேண்டாம்.

ரைஃபிளில் உங்களுக்கு இரண்டு வழி. இடது தோளுக்கே மாறிவிடுவது, அல்லது வலது தோளிலேயே இருந்து இடது கண்ணை மறைப்பது. புதிதாகக் கற்கிறவர் என்றால் தோளை மாற்றிப் பார்ப்பதில் தப்பில்லை. கரோலி டகாக்ஸ் என்ற ஹங்கேரி வீரர், 1938-ல் கையெறிகுண்டு வெடித்து வலது கை போன பிறகு இடது கையில் பழகி, 1948-லும் 1952-லும் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார், விரைவுப் பிஸ்டலில். கை மாற்றுவது முடியாத காரியமில்லை. கண்ணை மறைப்பதென்றால் கறுப்பு அட்டை வைக்காதீர்கள், கண்ணை இறுக மூடவும் செய்யாதீர்கள். ஒரு கண் இருட்டில் இருந்தால் இன்னொரு கண்ணின் பாவையும் சேர்ந்து விரியும், பார்வைக் கூர்மை போய்விடும், முகத் தசையும் களைத்துவிடும். வெளிச்சம் வருகிற மாதிரி வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு போதும்.

ஆனால் ஒரு யோசனை: பிஸ்டலை எடுத்துப் பார்த்தீர்களா? கையை நீட்டிப் பிடிப்பதால், வலது கையில் வைத்துக்கொண்டு இடது கண்ணால் பார்ப்பது அங்கே அவ்வளவு கஷ்டமில்லை, தலையைச் சிறிது திருப்பினால் சரியாகிவிடும். ட்ரிகர் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது, மொத்த எடை ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. பத்தாவது வட்டம் 11.5 மில்லிமீட்டர். ரைஃபிளின் அரை மில்லிமீட்டரைப் பார்த்தவருக்கு வயல் மாதிரித் தெரியும், ஒற்றைக் கையில் பிடித்த பிறகு பாருங்கள் அது எப்படிச் சுருங்குகிறது என்று.

இன்னொன்று, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கி வீரர் யூசுப் டிகெச் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு வெள்ளி வாங்கிய படத்தைப் பார்த்து, ஒன்றும் வாங்க வேண்டாம் போலிருக்கிறதே என்று பலர் வந்தார்கள். அவர் போடாதது கண்ணுக்கான லென்ஸும் மறைப்பும்தான். கையிலிருந்தது போட்டித்தரப் பிஸ்டல். பாக்கெட்டில் கை வைப்பதும் ஸ்டைலுக்காக இல்லை, சும்மா தொங்குகிற கை உடம்பை ஆட்டும், எல்லாப் பிஸ்டல் ஆட்களும் அதை எங்காவது செருகித்தான் வைப்போம்.

பாதுகாப்புமணி:
.22 கேட்டீர்கள். நல்ல விளையாட்டு, நான் 50 மீட்டரில் படுத்தபடி சுடுவதை எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் முதல் துப்பாக்கியாக உங்களுக்கு வேண்டாம் என்பேன், காரணம் சுடுவதைவிடச் சுற்றியுள்ள வேலை அதிகம். லைசென்ஸ், பாதுகாப்பான பெட்டகம், தோட்டாவைத் தனியாகப் பூட்டி வைப்பது, ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் விதிகள், எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். ஏர் ரைஃபிளுக்கே சில இடங்களில் சக்தி வரம்பு உண்டு, அதனால் எதை வாங்குவதற்கு முன்னாலும் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் படித்துவிடுங்கள், விற்கிறவர் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். .22 குண்டு தப்பிப் போனால் ஒன்றரைக் கிலோமீட்டர்கூடப் போகும், அதைச் சரியான மண்மேடு உள்ள ரேஞ்சில்தான் சுட முடியும். சத்தம் உண்டு, காதுக்கவசம் கட்டாயம். ஒரே பிராண்ட் தோட்டாவிலேயே ஒரு லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) உங்கள் குழலுக்குப் பிடிக்கும், அடுத்தது பிடிக்காது, அதைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். ஏர் ரைஃபிளென்றால் இடம் இருக்கிறவர்கள் வீட்டுக்குள்ளேயேகூட, பின்னால் சரியான பெல்லட் பொறி வைத்து, தினமும் சுடலாம். திறமை வளர்வது அதில்தான்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஏர் ரைஃபிள்தானே என்று மூலையில் சாத்தி வைக்காதீர்கள். அதுவும் கண்ணைப் பறிக்கும். பூட்டு, குழலுக்குள் பெல்லட் இல்லை என்பதைக் காட்டும் கொடிக்கம்பி, இரண்டும் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும். பெல்லட் ஈயம், சுட்ட கையோடு எதையும் வாயில் வைக்க வேண்டாம், கழுவிவிட்டு மற்ற வேலை. பொறியில் சேரும் தூளை விளக்குமாறால் கூட்டிப் பறக்க விடாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

கறுப்புவட்டம்:
அருமை. .22 இப்போதைக்கு இல்லை. பிஸ்டலையும் ஒரு கை பார்க்கிறேன், ஆனால் மனசு ரைஃபிளில்தான் இருக்கிறது. கிளப்பில் ஒருவர் இரண்டு ரைஃபிள் விற்கிறார். ஒன்று பிசிபி, அதாவது முன்கூட்டியே அழுத்தி நிரப்பிய காற்றுச் சிலிண்டர் வைத்தது, இன்னொன்று பக்கவாட்டு நெம்புகோலை ஒரு முறை இழுத்தால் காற்று அடைகிற பழைய ஃபைன்வெர்க்பாவ் 603. எதை எடுக்கலாம், என்ன பார்த்து வாங்க வேண்டும்?

டயாப்டர்தாசன்:
இரண்டுமே நல்ல ரகம், உதை கிடையாது. பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன்.

பிசிபி என்றால் முதலில் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதி. போட்டி விதிப்படி 10 வருடம்தான் ஆயுள், காலாவதியான சிலிண்டரைப் பல ரேஞ்சுகள் நிரப்பவே விடாது. உள்ளே 200 பார் அழுத்தம் இருக்கிறது, அதனால் வயது முக்கியம். புது சிலிண்டருக்கு ஆகும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். நிரப்பிவிட்டு ஒரு இரவு வைத்து, காலையில் அளவுமானி இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நிரப்ப டைவிங் சிலிண்டரோ கைப்பம்போ வேண்டும், உலர்ந்த காற்று மட்டுமே. ஆக்ஸிஜன் சிலிண்டர் பக்கம் போகவே கூடாது, எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்தால் வெடிக்கும்.

603-க்குச் சிலிண்டர் தொல்லை இல்லை. ஒவ்வொரு குண்டுக்கும் நெம்புகோல் இழுக்க வேண்டும், 60 குண்டு சுடும்போது அதற்காக ரைஃபிளைத் தோளிலிருந்து இறக்கி ஏற்றுவது கொஞ்சம் களைப்புதான். பொழுதுபோக்குக்கு அது ஒரு குறையே இல்லை, சொல்லப்போனால் அவசரப்படாமல் சுட வைக்கும். இதில் பார்க்க வேண்டியது சீல். காற்றை அடைத்து ஒரு நிமிடம் விட்டுச் சுடுங்கள், உடனே சுட்டதைவிட ஓட்டை தாழ விழுந்தால் காற்று கசிகிறது என்று அர்த்தம். சீல் மாற்றத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கிறாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், பழைய மாடல்.

இரண்டையும் ஸ்டாண்டில் வைத்து, தட்டைமூக்குப் பெல்லட்டில் ஐந்து ஐந்தாகச் சுட்டுப் பாருங்கள். தலை அளவு 4.49, 4.50, 4.51 என்று வரும், எது குழலுக்குப் பிடிக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். ஐந்து குண்டும் கிட்டத்தட்ட ஒரே ஓட்டையில் விழ வேண்டும். விழுந்தால் குழலைப் பற்றி மேற்கொண்டு கேட்க எதுவும் இல்லை.

அப்புறம்தான் முக்கியமானது. கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் ஏற்றுங்கள், கன்னத்தை ஸ்டாக்கில் வையுங்கள், கண்ணைத் திறங்கள். டயாப்டர் ஓட்டைக்கு நேரே கண் இருக்கிறதா? கழுத்தை நீட்டவோ நெளிக்கவோ வேண்டியிருக்கிறதா? கன்னப்பலகையும் பின்தட்டும் உங்கள் அளவுக்கு வரும்வரை நகர்கிறதா, திருகு சுற்றிச் சுற்றித் தேய்ந்துபோயிருக்கிறதா? வலது தோள், இடது தோள் இரண்டிலும் செய்து பாருங்கள், ஏனென்றால் இடது தோளுக்கு மாறுவதென்றால் வலது கைக்கான பிடி செதுக்கிய ஸ்டாக் உங்களுக்கு உதவாது, வாங்கிய பிறகு அது தெரிந்தால் வயிற்றெரிச்சல். அதனால் தோளை முடிவு செய்யுங்கள், அதற்கப்புறம் விலை பேசுங்கள்.

ஸ்பிரிங்பித்தன்:
603-ஐ எடுக்கவில்லை என்றால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். எனக்கில்லை, நண்பனுக்குத்தான்.

டயாப்டர்தாசன்:
அதானே பார்த்தேன்.