வயலின்: இசைக் கல்லூரியா, பி.காம்.மா? ஆலோசனை வேண்டும்

அண்ணன் மகளுக்காகக் கேட்கிறேன். ஊர் தஞ்சாவூர். பிளஸ் டூ வணிகவியல் முடித்தாயிற்று. கர்நாடக வயலின் 9 வருடமாகக் கற்கிறாள். சேர்க்கைக்குப் பத்து நாள்தான் இருக்கிறது; வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

இப்போதைய நிலை: வர்ணம் மூன்று காலமும் (மூன்று வேகத்திலும்) சுத்தம், கீர்த்தனை 30 வரை. மோகனம், கல்யாணி ராகங்களில் கல்பனாஸ்வரம் (அந்த நேரத்திலேயே கற்பனையாகக் கோக்கும் ஸ்வரங்கள்) வாசிப்பாள். ஆலாபனை (தாளமில்லாமல் ராகத்தை விரிப்பது) ஐந்து நிமிடத்தைத் தாண்டாது. பெரிய குறை, பாடுபவர் நிரவல் எடுத்தால் (பாட்டின் ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடினால்) பின்தொடரத் தடுமாறுகிறாள். பாடுபவருக்குத் துணையாக வாசிக்கும் பக்கவாத்தியத்துக்கு அதுதானே உயிர்.

பார்த்த வழிகள்: திருவையாறு அரசு இசைக் கல்லூரி 13 கிலோமீட்டர்தான், போய் விசாரித்தாயிற்று. பட்டம் மட்டும் போதாது. கல்லூரி ஆசிரியர் வேலைக்கு முதுகலையில் 55 சதவீதமும் நெட் அல்லது செட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வுகள்) தேர்ச்சியும் வேண்டும். பள்ளி இசை ஆசிரியர் பணியிடம் எப்போதாவதுதான் வருகிறது. வானொலியில் வாசிக்கும் கலைஞர்களுக்குத் தரும் பி கிரேடு கிடைத்தாலும் அது மாதச் சம்பளமில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு எடுப்பவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள், ஆனால் அதற்குப் பெயர் வேண்டும்.

பி.காம். சேர்த்து, குருவிடம் வாரம் இரண்டு வகுப்பு என்றும் யோசித்தோம். பஸ், வகுப்பு, டியூஷன் போக சாதகத்துக்கு (வீட்டில் வாசித்துப் பழக) ஒன்றரை மணி நேரம்தான் மிஞ்சும். இப்போது நான்கு மணி நேரம் வாசிக்கிறாள்.

பக்கவாத்தியம் வாசிப்பவர்கள் சொல்லுங்கள்: அந்த ஒன்றரை மணி நேரச் சாதகத்தை வைத்து, மூன்று வருடத்தில் கச்சேரிக்கு உட்காரும் அளவுக்குக் கை வருமா?