ரோப் டிராக்லைன் செத்துவிட்டதா?

கரைமேடு:
எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ராலிக் வந்ததும், கம்பிக்கயிற்றில் ஓடும் ரோப் மெஷின் எல்லாம் பழைய இரும்புதான் என்று ஆயில்ஹோஸ் போன பதிவில் எழுதியிருந்தார். முன்னால் தள்ளி அள்ளுகிற ஷவலுக்குச் சொன்னால் சரி, பக்கெட்டைக் கயிற்றில் வீசி இழுத்து அள்ளுகிற டிராக்லைனுக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். 22-ஆர்பி டிராக்லைனில் பக்கெட்டை மெஷின் பக்கம் இழுத்து வைத்துவிட்டு, இழுக்கும் கயிற்றைப் பிடிக்கிற டிராக் பிரேக்கைச் சட்டென்று விட்டால் அது ஊஞ்சல் மாதிரி வெளியே போகும், உச்சிக்குப் போகிற அந்த நொடியில் தூக்கும் கயிறான ஹாய்ஸ்டையும் விட்டால், மெஷினின் நீட்டிய கையான பூம் முனையைத் தாண்டிப் போய் விழும். மெஷின் காய்ந்த கரையில் நிற்கும், சேறு தானாக நம்மிடம் வரும்.

ஆயில்ஹோஸ்:
அண்ணே, அந்த நொடியைப் பிடிக்க எத்தனை வருஷம் ஆனது, அதையும் சொல்லுங்கள். எனக்கு நீளக் கை வைத்த ஹைட்ராலிக் மெஷினான லாங் ரீச் கைக்கு வர ஒரு வாரம் போதுமாக இருந்தது. டிராக்லைன் பக்கெட் தன் எடையை வைத்துத்தான் தோண்டும், மண் கெட்டியாக இருந்தால் மேலேயே வழுக்கிக்கொண்டு வரும். மழையில் பிரேக்கின் உரசு பட்டையான லைனிங் நனைந்துவிட்டால் பிரேக் பிடிக்குமா என்று சாமியைக் கும்பிட வேண்டும்.

கரைமேடு:
நனைந்தால் வழுக்கும், உண்மைதான். பிரேக்கை லேசாகப் பிடித்தபடி இரண்டு தடவை சுற்றவிட்டால் சூட்டில் காய்ந்துவிடும். சரி, உங்கள் லாங் ரீச் பக்கெட் ஏன் அவ்வளவு சின்னது தம்பி? கை நீள நீள மெஷின் கவிழப் பார்க்கும், அதனால்தானே?

சுரங்கத்தூசி:
ஷவலையும் சேர்த்துப் புதைக்காதீர்கள். பெரிய திறந்தவெளிச் சுரங்கங்களில் மின்சார ரோப் ஷவல் இன்றும் லாரி நிரப்புகிறது. ஓஹையோவில் 1969-இல் வேலைக்கு இறங்கிய பிக் மஸ்கி டிராக்லைனுக்கு 220 கன கெஜம் பக்கெட். 1991-இல் அதை நிறுத்தியது ஹைட்ராலிக் இல்லை. கந்தகம் கூடிய அந்த நிலக்கரிக்குக் கிராக்கி குறைந்தது, கரண்ட் செலவும் கட்டுபடியாகவில்லை. 1999-இல் வெட்டிப் போட்டார்கள், பக்கெட் மட்டும் மிச்சம்.

ஆயில்ஹோஸ்:
சுரங்கத்தில் மோட்டார், ஆள், பட்டறை எல்லாம் தனியாக இருக்கும், அதையும் ஒற்றை ஆள் ஓட்டுகிற 22-ஆர்பியையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். பக்கெட் வீச்சு விஷயத்தில் மட்டும் தோற்றேன். டிராக் ரோப் சேற்றில் உரசித் தேய்ந்தால் என்ன செய்வீர்கள் அண்ணே, முழுசாக மாற்றுவீர்களா?

கரைமேடு:
பக்கெட் முனைதான் முதலில் போகும். கெட்ட அளவுக்கு வெட்டிவிட்டு, கயிற்று முனையைப் பிடிக்கும் சாக்கெட்டில் மறுபடி ஆப்பு அடிப்போம். அதற்காகவே டிரம்மில் நாலு சுற்று கூடுதலாக விட்டு வைப்பது.