மறு: ‘சைட்டேஷன்’: மேற்கோளா, சுட்டுகையா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஆய்வுக் கட்டுரைகளில் வரும் ‘சைட்டேஷன்’ என்பதற்கு ‘சுட்டுகை’ என்ற சொல்லை முன்வைத்தேன். அதற்கு வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘மேற்கோள்’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? கல்லூரிகளில் அதுதான் புழக்கம்.

புழக்கம்தான் ஐயா, மறுக்கவில்லை. நானும் அப்படித்தான் எழுதிவந்தேன். அமெரிக்கச் சமூகவியலர் ராபர்ட் கே. மெர்ட்டனைப் பற்றி ஒரு குறிப்பு எழுத உட்கார்ந்தபோதுதான் இடித்தது. ‘இவர் கட்டுரைக்குப் பல்லாயிரம் மேற்கோள்கள்’ என்று எழுதி வீட்டில் படித்துக் காட்டினேன். “ஒரு கட்டுரையில அவ்வளவு வரி இருக்குமாப்பா?” என்றாள் மகள்.

கொட்டேஷன் என்றால் சொன்னதைச் சொன்னபடி எடுத்துப் போடுவது. சைட்டேஷன் என்றால் இன்னார் இன்ன இடத்தில் எழுதியிருக்கிறார் என்று காட்டுவது. ஒரு சொல்கூட எடுக்காமலே காட்டலாம். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எண்ணிக்கையைப் பற்றி எழுதினால் குழப்பம்தான் மிஞ்சும்.

> ‘சான்று’ போதாதா?

சான்று என்றதும் தாலுகா ஆபீஸ் ஞாபகம் வருவது ஒருபுறம் இருக்கட்டும். மறுப்பதற்காகவும் ஒருவரைக் காட்டுகிறோமே! நன்னூலார் எழுவகை மதத்தில் (நூலாசிரியர் கொள்ளும் ஏழு நிலைப்பாடுகளில்) ‘உடன்படல்’ சொன்ன கையோடு ‘மறுத்தல்’ சொல்கிறார். கணக்கெடுப்பவருக்கு இரண்டும் ஒன்றே. தவறு என்று நூறு பேர் காட்டிய கட்டுரையை நூறு சான்று பெற்ற கட்டுரை என்பதா?

ஆகவே ‘சுட்டுகை’ என்கிறேன். சுட்டுகை எண்ணிக்கை, சுட்டிய கட்டுரை, சுட்டப்பட்ட கட்டுரை என்று வினையாகவும் பெயராகவும் வளைந்துகொடுக்கிறது.

ஓர் ஆய்வாளரின் கட்டுரைகள் எவ்வளவு சுட்டப்படுகின்றன என்பதை ஒரே எண்ணால் அளக்கும் ஹெச்-இண்டெக்ஸை மட்டும் ‘சுட்டெண்’ ஆக்கவேண்டாம், இதோடு மோதும். ‘ஹெச்-எண்’ போதும். 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலர் கொண்டுவந்தது. இருபது கட்டுரைகள் ஒவ்வொன்றும் இருபது சுட்டுகையாவது பெற்றிருந்தால் எண் 20. சமூகவியலருக்கு இந்தச் சட்டை சரியாகப் பொருந்துவதில்லை என்பது என் எண்ணம். சமூகவியலர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதிய ஒரு கட்டுரை, வேலை பற்றிய சேதி உயிர் நண்பர்களைவிட அரைகுறைப் பழக்கக்காரர்கள் வழியாகவே அதிகம் வருகிறது என்றது. அதற்கு மட்டும் பல்லாயிரம் சுட்டுகைகள். ஹெச்-எண் கணக்கில் அதுவும் ஒரு கட்டுரைதான்.

மெர்ட்டன் கதை இன்னும் சுவை. பலித்துவிடும் என்று நம்பியே பலிக்கவைக்கும் முன்கணிப்பைப் பற்றி, ‘செல்ஃப் ஃபுல்ஃபில்லிங் ப்ராஃபெசி’ என்ற தொடரால், 1948-இல் எழுதினார். இன்று பங்குச்சந்தைக்காரர்கூட அந்தத் தொடரைச் சொல்கிறார், மெர்ட்டன் பெயரைச் சொல்வதில்லை. கருத்து ஊரோடு கலந்துவிட்டால் சொன்னவர் பெயர் கரைந்துபோகும்; சுட்டுகையும் குறையும். இந்த நிலைக்குப் பெயர் வைத்தவரும் அவரே. தமிழில் ‘பெயர்க்கரைவு’ எனலாமா? தொல்காப்பியர் ‘என்ப’, ‘மொழிப’, ‘என்மனார் புலவர்’ என்று போய்க்கொண்டே இருக்கிறாரே, அந்தப் புலவர்கள் யார் யார்? அவர்கள் ஹெச்-எண்ணை யார் போடுவது?

(கணக்கெடுப்பவர்கள் கவனிக்க: மகன் ராபர்ட் சி. மெர்ட்டன் 1997-இல் பொருளியல் நோபல் பெற்றவர். இனிஷியலைப் பார்க்காவிட்டால் மகன் கட்டுரை அப்பா கணக்கில் ஏறிவிடும்.)

அன்புடன்.

———

ஐயா, வணக்கம்.

பெயர்க்கரைவு அருமை, எடுத்துக்கொள்கிறேன். சுட்டுகையில் இரண்டு தடை.

ஒன்று, ‘சுட்ட கட்டுரை’ என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் திருடிய கட்டுரை. சுட்ட பழமா சுடாத பழமா என்று ஆய்வாளரைப் பார்த்துக் கேட்கவைக்கப் போகிறீர்கள்.

இரண்டு, சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தில் ‘மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு’ என்று வருகிறது. அங்கே மேற்கோள் என்பது நிறுவ எடுத்துக்கொண்ட கருத்து; பிறர் வாசகம் அன்று. பிறகுதான் இன்றைய பொருளுக்கு வந்தது. அவ்வளவு தூரம் நடந்த சொல் இன்னும் நாலடி வைக்காதா?

———

அம்மா,

முதல் தடைக்குப் பதில் இருக்கிறது. சுடு என்பதிலிருந்து ‘சுட்ட’, சுட்டு என்பதிலிருந்து ‘சுட்டிய’. எழுத்தில் ‘சுட்டிய’ என்றே கறாராக எழுதுவோம். சுட்ட கட்டுரைக்காரர்கள் சுட்டாமல்தானே மாட்டிக்கொள்கிறார்கள்!

சிவஞானபோதம் எனக்குத் தோன்றவே இல்லை. ஆனாலும் அங்கே மேற்கோள் ஒரு பொருளை விட்டு இன்னொன்றுக்குப் போனது. நாம் கேட்பதோ ஒரே நேரத்தில் இரண்டையும் சுமக்கச் சொல்லி. ஒரு கட்டுரையிலேயே ‘சுட்டப்பட்டது, ஆனால் மேற்கோள் தரப்படவில்லை’ என்று எழுத நேரும்போது என்ன செய்வது?

மெர்ட்டன் குறிப்பில் மேற்கோளை ஒரு முறையும் சுட்டுகையை மற்ற இடங்களிலும் வைத்துத் திருத்தி, நாளை காலை இழையில் இடுகிறேன். எந்த வரியில் தடுக்குகிறது என்று சொல்லுங்கள்.