யாழ்ப்பாணத்திலயிருந்து ஒருநாள் காட்டுநடை: எங்க போகலாம்?

கேள்வி: நானும் மனிசியும் காட்டுக்குள்ள, ஆற்றங்கரையோட ஒருநாள் நடக்க ஆசைப்படுறம். எங்கட பக்கம் ஆறெண்டா வழுக்கியாறுதான், அதுவும் மாரிக்கு மட்டும். விடிய வெளிக்கிட்டு இரவுக்கு வீடு திரும்ப வேணும். ஆராவது போனனீங்களோ?

பதில் 1: மன்னார் மாவட்டத்தில மடுப்பக்கம், குஞ்சுக்குளம் தொங்குபாலத்தடிக்குப் போங்கோ. போன ஆடியில நானும் இவரும் போனனாங்கள். கீழ ஓடுறது அருவியாறு. 164 கிலோமீற்றர் நீளம், மகாவலிக்கு அடுத்தது இதுதான். கட்டுக்கரைக்குளத்துக்கும் இந்தத் தண்ணிதான் போகுது. கரையில மருதமரங்கள். வெள்ளைப் பட்டை உரிஞ்சு, வேரெல்லாம் தண்ணிக்குள்ள இறங்கி நிக்கும். ஒரு வேரில இருந்து புளிச்சோறும் பொரிச்ச மிளகாயும் சாப்பிட்டம். காலடியில குஞ்சுமீன்கள் சோத்துப் பருக்கைக்கு அடிபட்டுதுகள். கலியாணம் கட்டிப் பதினொரு வருசத்தில நாங்கள் அப்பிடி ஆறுதலா இருந்து கதைச்சது அண்டைக்குத்தான். வழியில பாலைப்பழம் வித்தவை. வாங்குங்கோ, வாயெல்லாம் பால் ஒட்டும், ஆனா தேன்தான்.

பதில் 2: அக்கா சொன்னது சரி. ஆனா அந்தக் காட்டில யானை இருக்கு. நாலு மணிக்கு முன்னம் றோட்டுக்கு வந்திடுங்கோ. முதலையும் இருக்கு, ஆழமான இடத்தில குளிக்க இறங்காதேங்கோ. மிதிவெடி இருக்கெண்டு மண்டையோடு போட்ட பலகை கண்டா அங்கால ஒரு அடியும் வைக்கவேண்டாம். ஐப்பசி தொடங்கினா ஆறு பெருகும், அதுக்கு முன்னம் போங்கோ.

கேள்வி கேட்டவர்: நன்றி அக்கா, தம்பி. வாற ஞாயிறு வெளிக்கிடுறம். புளிச்சோத்துக்கு மனிசி இப்பவே ஓமெண்டிட்டா.